ஆடாசிட்டியின் ‘சிங்க்-லாக்’: ‘ஒத்திசைப் பூட்டு’ வேண்டாம், ‘உடன்நகர்வு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒலிப்பதிவுகளைத் திருத்த உதவும் ஆடாசிட்டி மென்பொருளின் விருப்பங்கள் சாளரத்தில் தடங்கள் தொடர்பான பக்கத்தைத் தமிழாக்குவது குறித்து இவ்விழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். பெரும்பாலான சொற்களில் நமக்குள் உடன்பாடு வந்துவிட்டது. ‘டிராக்’ தடமாகவும், ‘கிளிப்’ துண்டாகவும், ‘லேபிள் டிராக்’ குறிப்புத் தடமாகவும் இருக்கட்டும். ‘லேபிள்’ என்பதற்கு முதலில் முன்மொழியப்பட்ட ‘சிட்டை’ நல்ல சொல்தான் என்றாலும், சிட்டைஸ்வரம் எனும் சுரக்கோவையைப் பாடுவோர் கையாளப்போகும் மென்பொருளில் அதைத் தவிர்த்தது சரியான முடிவு. எஞ்சி நிற்பது, தடங்களைச் சேர்த்து நகர்த்தும் அமைப்பான ‘சிங்க்-லாக்’. வரைவுக் கோப்பில் இப்போதுள்ள ‘ஒத்திசைப் பூட்டு’ அப்படியே வெளியாகிவிடக் கூடாது என்று கருதுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த அமைப்பு என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கச்சேரியைப் பாட்டு, வயலின், மிருதங்கம் என மூன்று தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறோம் என்றும், அவற்றின் கீழே ஒரு குறிப்புத் தடத்தில் பல்லவி, அனுபல்லவி, சரணம் தொடங்கும் இடங்களைக் குறித்திருக்கிறோம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நிமிடத்தில் பாடகர் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் 4 விநாடிகளை நீக்க விரும்புகிறோம். பாட்டுத் தடத்தில் மட்டும் அப்பகுதியைத் தெரிந்து நீக்கினால், அதற்குப் பிந்தைய பாட்டு முழுவதும் 4 விநாடி முன்னால் வந்துவிடும்; வயலினும் மிருதங்கமும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்பின் சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தில், விழ வேண்டிய எதுவும் சமத்தில் விழாது. ‘சிங்க்-லாக்’ இயங்கிக்கொண்டிருந்தால், பாட்டுத் தடத்தில் மட்டும் தெரிவு செய்திருந்தாலும், அதே 4 விநாடிகள் அக்குழுவின் எல்லாத் தடங்களிலிருந்தும் நீங்கும். 3 நிமிடம் 10 விநாடியில் இருந்த ‘பல்லவி’ என்ற குறிப்பும் 3 நிமிடம் 6 விநாடிக்கு நகர்ந்துவிடும். குழு எது என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது: அடுத்தடுத்து இருக்கும் ஒலித்தடங்களும் அவற்றை ஒட்டிக் கீழே இருக்கும் குறிப்புத் தடங்களும் ஒரு குழு, குறிப்புத் தடத்துக்குக் கீழே மீண்டும் ஓர் ஒலித்தடம் வந்தால் அங்கே அடுத்த குழு தொடங்குகிறது.

பழைய நாடாப் பதிவில் இப்படியோர் அமைப்புக்குத் தேவையே எழவில்லை. 1957-இல் இசைக்கலைஞர் லெஸ் பால் பெற்ற ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எட்டுத் தட இயந்திரத்தில், ஓர் அங்குல அகலமுள்ள ஒரே நாடாவின் மேல்தான் எட்டுத் தடங்களும் பக்கம் பக்கமாக ஓடின. பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டினால் எட்டும் சேர்ந்தே வெட்டுப்படும்; ஒன்றை மட்டும் முன்னே இழுக்க வழி இல்லை. கணினிக்கு வந்தபின் ஒவ்வொரு தடமும் தனித்தனித் தரவாகி, தனித்து நகரும் உரிமையைப் பெற்றது. அந்த உரிமை வேண்டாத வேளையில் நாடாவின் பழைய கட்டுப்பாட்டை மீட்டுத் தருவதே இவ்வமைப்பின் பணி. இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டால், நாம் பெயரிட வேண்டிய செயல் இன்னதென்று விளங்கும்: ஒரு தடத்தில் நேரும் இடமாற்றம் மற்றத் தடங்களிலும் அதே அளவில் நேர்வது.

இனி ‘ஒத்திசைப் பூட்டு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அதற்கு ஆதரவாக இவ்விழையில் வந்த வாதம் இது:

> கணினித் துறையில் ‘சிங்க்’ என்பதற்கு ‘ஒத்திசைவு’ நிலைபெற்றுவிட்டது. கைப்பேசியில் தொடர்புகளை ஒத்திசை என்று எல்லோரும் படிக்கிறார்கள். இங்கே மட்டும் மாற்றினால் குழப்பம் வரும்.

கைப்பேசிக்கு இவ்வாதம் முற்றிலும் பொருந்துகிறது. முகவரிப் பட்டியலில் இசைக்கு வேலையில்லை என்பதால் அங்கே ‘இசை’ என்ற வேர் ‘இணங்கு’ என்ற பொருளைத் தடையின்றித் தருகிறது. இசை மென்பொருளில் நிலைமை வேறு. ‘ஒத்திசை’ என்று திரையில் கண்டவுடன் சுருதி ஒன்றுவதையோ, சுரங்கள் இணைந்து ஒலிப்பதையோ, இரண்டு பதிவுகளின் லயம் பொருந்துவதையோதான் இசை அறிந்தவர் எண்ணுவார். இவை மூன்றில் எதையும் அந்த அமைப்பு செய்வதில்லை. அது ஒலியை நீட்டுவதும் இல்லை, சுருக்குவதும் இல்லை. ஒரு தடத்தில் புதிதாக ஏதேனும் செருகி அதன் நீளம் கூடினால், குழுவிலுள்ள மற்றத் தடங்களில் அதே அளவு மௌனம் செருகப்படுகிறது. நீளம் குறைந்தால் அதே அளவு வெட்டப்படுகிறது. தாளம் சற்றுத் தளர்ந்த ஒரு பதிவைச் சரிசெய்ய விரும்பும் மாணவர் ‘ஒத்திசைப் பூட்டு’ என்ற பெயரை நம்பி இதை இயக்கினால், அவர் எதிர்பார்த்தது நடக்காது. அவர் அறியாமலே மற்றத் தடங்களில் மௌனம் புகுந்திருக்கும் அல்லது ஒலி காணாமற்போயிருக்கும். பயனரின் பதிவுக்கு ஊறு செய்யக்கூடிய கலைச்சொல்லை, பிற துறையில் நிலைபெற்றது என்ற ஒரே காரணத்துக்காக நாம் ஏற்கலாகாது.

‘பூட்டு’ என்ற பாதியும் இடர் தருவதே. பூட்டிய கோப்பு, பூட்டிய திரை என்பனவற்றால் ‘பூட்டியதை மாற்ற முடியாது’ என்ற பொருள் கணினிப் பயனர் மனத்தில் பதிந்திருக்கிறது. இவ்வமைப்போ அதற்கு நேர்மாறாக, மாற்றத்தைப் பரப்புகிறது. ஒரு தடத்தில் கை வைத்தால் நான்கு தடங்கள் மாறுகின்றன. மேலும், துண்டு நகராதபடி உண்மையாகவே பூட்டும் வசதி ஆர்டர் (Ardour), ரீப்பர் (Reaper) போன்ற ஒலி மென்பொருள்களில் இருக்கிறது. நாளை அவற்றைத் தமிழாக்கும்போது ‘பூட்டு’ நமக்குத் தேவைப்படும். அதை இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

தடத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் தோன்றும் கடிகாரச் சின்னத்தை ஒட்டி ‘காலப்பிணைப்பு’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். மற்ற எந்தத் துறையிலும் நான் இதை மகிழ்ந்து ஏற்றிருப்பேன். ஆனால் நம் இசையில் காலம் என்பது முதற்காலம், இரண்டாம் காலம் என்று வேகத்தின் படிநிலையைக் குறிக்கிறது. மேலே சொன்ன இடர், வேகம் இணைக்கப்படுகிறது என்ற மயக்கம், வேறு வழியாகத் திரும்பி வருகிறது.

‘வழிநிற்றல்’ என்ற முன்மொழிவை எளிதில் கைவிட மனம் வரவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும் நிற்பதாக வருகிறது. கருவிகள் ஒன்றையொன்று தொடர்வதற்குத் தமிழில் இதைவிட அழகான ஆட்சி எனக்குத் தெரியாது. எனினும், வழிநிற்பதற்கு முன்னே செல்லும் ஒன்று வேண்டும். இங்கே முதன்மைத் தடம் என்று எதுவும் இல்லை. மிருதங்கத் தடத்தில் வெட்டினாலும் பாட்டுத் தடம் நகரும்; பாட்டில் வெட்டினாலும் மிருதங்கம் நகரும். ஒரு தடத்தைத் தலைமையாக வைத்து மற்றவற்றை அதற்குக் கீழ்ப்படியச் செய்யும் வசதியும் சில மென்பொருள்களில் உண்டு. ‘வழிநிற்றல்’ அதற்கு மிகப் பொருந்தும். அச்சொல்லை அதற்கென்று எடுத்துவைக்க வேண்டுகிறேன்.

என் முன்மொழிவு ‘உடன்நகர்வு’. ஒரு தடத்தில் இடம் மாறினால் மற்றவையும் உடன் நகர்கின்றன என்பதை இச்சொல் நேராகச் சொல்கிறது. அதற்கு மேல் எதையும் வாக்களிக்கவில்லை. இதே வேரிலிருந்து வேண்டிய வடிவங்கள் எல்லாம் கிடைக்கின்றன. அமைப்பின் பெயர் உடன்நகர்வு. அதற்கு உட்பட்ட தடங்கள் உடன்நகர் தடங்கள். குழு உடன்நகர் குழு. பட்டியில் வரும் ஏவல் ‘தடங்களை உடன்நகர்த்து’. இவ்வளவையும் ‘ஒத்திசைப் பூட்டு’ என்பதிலிருந்து பெற முயன்றால் ‘ஒத்திசைவாகப் பூட்டப்பட்ட தடங்களின் குழு’ என்று நீண்டுவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதே விருப்பப் பக்கத்தில், ஒரு துண்டைத் திருத்தினால் அதே தடத்திலுள்ள மற்றத் துண்டுகள் நகரலாமா என்று கேட்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், ஒரு துண்டிலிருந்து வெட்டும்போது அதற்குப் பின்னுள்ள துண்டுகள் முன்னே வந்து இடைவெளியைக் காக்கும். இயக்காவிட்டால் அவை தத்தம் இடத்திலேயே நிற்கும். ஒட்டுவதற்கு இடம் போதாதபோது மென்பொருள் ஒட்ட மறுத்துவிடும். முந்தையது ஒரே தடத்துக்குள் நிகழும் நகர்வு. நாம் பேசிக்கொண்டிருப்பது தடங்களுக்கிடையே நிகழும் நகர்வு. பயனர்கள் அடிக்கடி குழம்பும் இவ்விரண்டும் ‘நகர்’ என்ற ஒரே வினையால் குறிக்கப்படும்போது, அவை உறவுடையவை என்பதும் எங்கே வேறுபடுகின்றன என்பதும் சொல்லிலேயே தெரிந்துவிடுகின்றன. மூலமொழியில் இல்லாத இந்த வசதி நம் மொழியில் இயல்பாக அமைகிறது.

‘உடன்’ என்பதை ‘உடனே’ என்று எடுத்துக்கொள்ளமாட்டார்களா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. உடன்பிறப்பு, உடன்படிக்கை, அகத்திணையின் உடன்போக்கு ஆகியவற்றில் ‘உடன்’ சேர்ந்திருத்தலையே குறிக்கிறது. வினைப்பெயரை ஒட்டி வரும்போது விரைவுப் பொருள் தோன்றுவது அரிது. புணர்ச்சி பற்றிய வினாவுக்கு இன்னும் கவனமான விடை வேண்டும்.

> உடன், நிகழ்ச்சி இரண்டும் சேர்ந்து இலக்கணத்தில் உடனிகழ்ச்சி ஆகிறது. அம்முறைப்படி இது ‘உடனகர்வு’ என்றல்லவா வர வேண்டும்?

விதியின்படி அப்படித்தான். மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளைப் பள்ளியில் படித்த எவரும் இதை மறுக்க முடியாது. ஆயினும், ‘உடனகர்வு’ என்று சிறிய எழுத்தில் திரையில் வரும்போது ‘நகர்’ கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. மேலே நான் பெரிதும் நம்பிய உறவும் அதனோடு மறைகிறது. முதன்முறை ஒரு சொல்லைச் சந்திப்பவர் அதன் உறுப்புகளைக் கண்டறிய முடிய வேண்டும். ஆகவே இடைமுகத்தில் உடன்நகர்வு என்றே எழுதலாம். விளக்கக் கையேட்டில் புணர்ந்த வடிவத்தைக் கையாள விரும்புவோர் கையாளலாம்.

ஒரு தடத்தை மட்டும் ஒலிக்கச் செய்யும் ‘சோலோ’ பொத்தானுக்கு வருகிறேன். ‘தனி’ என்று வைக்கலாம் என்பதே பெரும்பான்மைக் கருத்தாக இருக்கிறது. கச்சேரி கேட்பவர்களுக்குத் தனி என்றாலே, மிருதங்கம் முதலான தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்தான். பதிவு செய்பவர் அப்பகுதியைக் குறிப்புத் தடத்தில் ‘தனி’ என்றே குறித்துவைப்பார். அதே திரையில் மிருதங்கத் தடத்தின் பொத்தானும் ‘தனி’ என்றிருந்தால் இரண்டு பொருள்கள் மோதும். மேலும், பொத்தான் வாசிப்பவரைப் பற்றியது அன்று, கேட்பவரைப் பற்றியது: மற்றத் தடங்களை ஒதுக்கிவிட்டு இத்தடத்தை மட்டும் கேட்கிறோம். எனவே செயலுக்குத் ‘தனிக்கேட்பு’ என்றும், தடத்தின் இடப்பக்கத்துக் குறுகிய பலகத்தில் அது அடங்காது என்பதால் பொத்தானின் மேல் ‘தனித்து’ என்றும் எழுதப் பரிந்துரைக்கிறேன். விருப்பப் பக்கத்தில் இப்பொத்தானுக்கு மூன்று தெரிவுகள் உள்ளன. மூலத்தில் ‘எளிய’ என்றுள்ள முதல் தெரிவு, ஒரு நேரத்தில் ஒரு தடத்தைத் தனித்துக் கேட்பது. இரண்டாவது, பல தடங்களைச் சேர்த்துத் தனித்துக் கேட்பது. மூன்றாவது, பொத்தானையே நீக்கிவிடுவது. ‘எளிய’ என்ற சொல் பயனருக்கு எதையும் அறிவிப்பதில்லை. ‘ஒரு தடம் மட்டும்’, ‘பல தடங்கள்’, ‘பொத்தான் வேண்டாம்’ என்று எழுதினால் கையேட்டைத் திறக்காமலே புரியும். அதே ‘எளிய’ வேறொரு சாளரத்திலும் வரக்கூடும் என்பதால், அச்சொல் எங்கே வருகிறது என்று சொல்லும் சூழற்குறிப்பு இருக்கிறதா என்று மொழிபெயர்ப்புக் கோப்பில் பார்த்தபின் மாற்ற வேண்டும். இல்லையெனில் நிரலாளர்களிடம் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

பக்கத்தின் தலைப்பு குறித்து நீண்ட விவாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன். ‘தடங்களின் நடத்தை’ எனும்போது நன்னடத்தைச் சான்றிதழின் சாயல் படிகிறது. நடத்தை என்பது ஒழுக்கத்துக்கு உரிய சொல். ‘தட இயல்பு’ என்றால் இயல்புநிலை (டிஃபால்ட்) மதிப்புகளோடு குழம்பும். ஒவ்வொரு தலைப்புக்கும் கலைச்சொல் படைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ‘தடங்கள் இயங்கும் முறை’ என்ற எளிய தொடரே போதும். சாளரத்துக்கு ‘விருப்பங்கள்’ என்பதையே வைத்துக்கொள்வோம். சில இடங்களில் இன்னும் ‘முன்னுரிமைகள்’ என்று கிடக்கிறது; எதற்கு முதலிடம் என்பதைச் சொல்லும் சொல் அது, எனக்கு எப்படி வேண்டும் என்பதைச் சொல்வது அன்று. அதை எல்லா இடங்களிலும் நீக்கிவிட வேண்டும்.

உடன்நகர்வு, தனிக்கேட்பு ஆகிய இரண்டுக்கும் மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு இவ்விழையிலேயே எழுத வேண்டுகிறேன். குறிப்பாக, பல தடப் பதிவுகளை நாள்தோறும் திருத்துவோர், இச்சொற்களைத் திரையில் கண்டால் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். ‘மியூட்’ என்பதற்கு வரைவிலுள்ள ‘ஒலிநிறுத்து’ ஒலி ஓட்டத்தையே நிறுத்தும் பொத்தானோடு மயங்குகிறது என்பதால், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்,
தடப் பக்க மொழிபெயர்ப்பாளர்