லாகோஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதலில் பெட்ரோல் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நைஜீரியாவின் லாகோஸுக்கு மாற்றலாகி வருகிற தமிழர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். பருப்பும் புளியும் கிடைக்குமா, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், இரவில் வெளியே போகலாமா, மலேரியா வந்தால் என்ன செய்வது. இதற்கெல்லாம் நிறையப் பேர் பதில் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது வேறு. 2023க்குப் பிறகு இங்கே வருகிற யாரும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு: அன்றைய தேதியில் ஒரு லிட்டர் பெட்ரோல் எத்தனை நைரா. உங்கள் கார் கம்பெனி காராக இருக்கலாம், டாங்கியை நீங்கள் ஒருநாளும் நிரப்ப வேண்டாம். ஆனாலும் உங்கள் வீட்டில் வேலை செய்கிற டிரைவரும், சமையலுக்கு வருகிற அம்மாவும், கேட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவரும் அந்த எண்ணுக்குள்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

நடந்தது இதுதான். 29 மே 2023 அன்று போலா டினுபு தலைநகர் அபுஜாவில் நைஜீரியாவின் அதிபராகப் பதவியேற்றார். அந்த உரையிலேயே எரிபொருள் மானியம் போய்விட்டது என்று சொன்னார். அன்றைக்கே பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. அதுவரை லிட்டர் 190 நைரா பக்கம் இருந்த பெட்ரோல், இரண்டு நாளில் லாகோஸில் 488, அபுஜாவில் 537. ஜூலையில் அபுஜாவில் 617. 2024 அக்டோபரில் லாகோஸில் 998, அபுஜாவில் 1,030. லாகோஸின் லெக்கி பக்கம் டாங்கோட்டே என்கிற தனியார் சுத்திகரிப்பு ஆலை பெட்ரோல் விற்க ஆரம்பித்த பிறகு 2025இல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் பழைய விலையின் பக்கம்கூடப் போகவில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அடுத்த மாதமே, 2023 ஜூனில், நைராவின் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு டாலருக்கு 460 நைரா சுற்றில் இருந்த அரசாங்க விலை 2024 பிப்ரவரியில் 1,500ஐத் தாண்டியது. நாம் பேச வேண்டியது இங்கேதான். டாலரில் சம்பளம் வாங்கி நைராவில் செலவு செய்கிற நமக்கு, கையில் பணம் திடீரென்று பெருகிய மாதிரி இருந்தது. நம் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அதே மாதங்களில் கையிலிருந்தது கரைந்துபோனது. ஒரே கூரைக்கு அடியில் இரண்டும் நடந்தது. இதைக் கவனிக்காமல் இங்கே நல்ல முதலாளியாக இருக்க முடியாது.

எங்கள் டிரைவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் வீடு லாகோஸின் வெளிப்பக்கத்தில் இகொரொடுவில், நாங்கள் இருப்பது ஊருக்குள் இலுபேஜுவில். அப்போது அவருக்குச் சம்பளம் 80,000 நைரா, நல்ல சம்பளம் என்றுதான் நினைத்திருந்தோம். 2023 மே மாதம் வரை போக வர ஒரு நாளைக்கு 900 நைரா ஆகும். ஜூனில் அது 1,700 ஆனது. மாதம் 26 நாள் என்றால் 44,200, சம்பளத்தில் பாதிக்கு மேல். அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை கேட்டைத் திறக்கப் போனபோது பார்த்தேன். ரப்பர் செருப்போடு வந்து நின்றார், கையில் கறுப்பு பாலிதீன் பை. பைக்குள்ளிருந்து பாலிஷ் போட்ட ஷூவை எடுத்தார், காலைத் துணியால் துடைத்தார், போட்டுக்கொண்டார். அப்புறம்தான் நிமிர்ந்து "குட் மார்னிங் மேடம்" என்றார். ஒஜோட்டாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேரிலாண்ட், அந்தோனி வழியாக ஒரு மணி நேரம் நடந்து வருகிறார். கடைசித் துண்டுக்கான காசு மிச்சம். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரம் என்றார்.

மூன்று வாரமாக நான் கவனிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குறைந்தபட்சச் சம்பளம் கூடியிருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், 2024 ஜூலையில் 30,000 நைராவிலிருந்து 70,000 ஆனது. பெட்ரோலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 190 நைரா விலையில் 30,000 நைராவுக்கு 158 லிட்டர் வந்தது. 998 நைரா விலையில் 70,000 நைராவுக்கு 70 லிட்டர். அதுவும் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் சமையல்காரம்மாவுக்கு என்ன சம்பளம் என்பதை முடிவு செய்கிற சட்டம் நீங்கள்தான்.

பெட்ரோல் விலை ஏறினால் பஸ் கட்டணம் மட்டும்தானே ஏறும் என்று நினைக்காதீர்கள். இங்கே ரயிலில் வருகிற காய்கறி கிடையாது. வடக்கிலிருந்து தக்காளியும் வெங்காயமும் லாரியில் மைல் 12 சந்தைக்கு வந்து, அங்கிருந்து வேனிலும் கேகேயிலும் தெருவுக்கு வருகின்றன. கேகே என்றால் நம் ஆட்டோதான். மஞ்சள் நிறத்தில் தெருவெல்லாம் ஓடுகிறதே, அதில் பஜாஜும் உண்டு, ஓசூர்க் கம்பெனியான டிவிஎஸ்ஸும் உண்டு. முதல் நாள் அதைப் பார்த்தால் உங்களுக்கு ஊர் ஞாபகம் வரும். அந்த கேகே ஓட்டுகிறவர் பெட்ரோலை முழு விலைக்கு வாங்கி, வண்டி முதலாளிக்கு அன்றைய வாடகையும் கொடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

பணவீக்கம் 2024 டிசம்பரில் 34.8 சதவீதம். உணவுப் பொருள் அதற்கும் மேலே. சந்தையில் அரிசியும் பீன்ஸும் டெரிகா என்கிற தகர டப்பாவால் அளந்து தருவார்கள், கரி மாவை பெயின்ட் வாளியால் அளப்பார்கள். கரி என்றால் நம் கறி இல்லை, மரவள்ளிக்கிழங்கை அரைத்து வறுத்த மாவு. ஏழை வீட்டுக்கு அதுதான் சோறு. முன்பு வாளிக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் டப்பாக் கணக்கில் வாங்குவதை என் கண்ணால் பார்த்தேன். வடக்கே 2024 தொடக்கத்தில், அரிசி ஆலையில் கழித்துக்கட்டி மீனுக்குத் தீவனமாகப் போடுகிற குறுநொய்யை மனிதர்கள் வாங்கிச் சமைத்தார்கள். அதற்கு அஃபஃபாட்டா என்று பெயர். அரிசி தின்று வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மானியத்தை எடுத்தது தவறா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2022இல் மட்டும் 4.39 டிரில்லியன் நைரா அதற்குப் போயிருக்கிறது. மலிவு பெட்ரோல் எல்லை தாண்டிப் பெனினுக்கும் கேமரூனுக்கும் கடத்தப்பட்டது. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா என்று அரசாங்க சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தும் ஓடாமல் கிடந்தன. எண்ணெய் எடுக்கிற நாடு பெட்ரோலை இறக்குமதி செய்து, அதற்கு மானியமும் கொடுத்துக்கொண்டிருந்தது. அது நீடிக்க முடியாது. ஆனால் சாதாரண ஜனங்களுக்கு அரசாங்கத்திடமிருந்து கையில் கிடைத்த ஒரே விஷயம் அந்த மலிவு பெட்ரோல்தான். கரண்ட் வராது, ஜெனரேட்டர் போட வேண்டும். குழாயில் தண்ணீர் வராது, போர் மோட்டாருக்கும் ஜெனரேட்டர். அந்த மலிவு பெட்ரோலைப் பிடுங்குகிற அன்று பதிலுக்கு ஒன்று தயாராக இருந்திருக்க வேண்டும். ஒன்றரைக் கோடிக் குடும்பங்களுக்கு மூன்று மாதம் 25,000 நைரா என்று 2023 அக்டோபரில்தான் அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் இடைநீக்கம் ஆனார், திட்டமும் நிறுத்திவைக்கப்பட்டது. எங்கள் தெருவில் விசாரித்த வரைக்கும் யாருக்கும் வரவில்லை.

2012 ஜனவரியில் அப்போதைய அதிபர் குட்லக் ஜொனாதன் இதையே செய்தபோது நாடே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. லிட்டர் 65 நைராவிலிருந்து 141 ஆனதை இரண்டு வாரத்தில் 97க்கு இறக்கினார்கள். லாகோஸில் கூட்டம் கூடிய இடம் ஒஜோட்டா, எங்கள் டிரைவர் இறங்கி நடக்கிற அதே ஒஜோட்டா. 2024 ஆகஸ்டில் பசிக்கு எதிராக ஜனங்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். அப்போது குறைந்தது 24 பேர் கொல்லப்பட்டார்கள் என்று மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி சொன்னது. விலை இறங்கவில்லை. அதே வருடம் டிசம்பரில் இபடான் நகரத்தில் குழந்தைகளுக்கான இலவச நிகழ்ச்சி ஒன்றில் நெரிசலில் 35 குழந்தைகள் இறந்தார்கள். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்கிறேன்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது.

சம்பளத்தையும் போக்குவரத்துக் காசையும் தனித்தனியாகப் பேசுங்கள். இங்கே அதை டி-ஃபேர் என்பார்கள். இன்றைக்கு எவ்வளவு ஆகிறது என்று அவர்களிடமே கேட்டு, அதை முழுசாகக் கொடுங்கள். பெட்ரோல் விலை மாறும்போது அதை மட்டும் மாற்றினால் போதும், சம்பளத்தைப் பற்றி ஒவ்வொரு தடவையும் பேச வேண்டாம். சமையலுக்கு வருகிறவர் தினம் வர வேண்டுமா என்று யோசியுங்கள். நாங்கள் ஆறு நாளை நான்கு நாளாக்கினோம், சம்பளத்தைக் குறைக்கவில்லை. 2023 ஜூனில் எடோ, குவாரா மாநில அரசுகளே ஊழியர்கள் வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்று அறிவித்தன, நாம் செய்தால் என்ன.

காலை ஆறரைக்கு வரச் சொல்லாதீர்கள். இகொரொடுவிலிருந்து ஆறரைக்கு வர வேண்டுமென்றால் நான்கு மணிக்கு இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இரவு விருந்து முடியும்வரை டிரைவரைக் காத்திருக்க வைத்தால், அவர் திரும்பிப் போக வண்டிக் காசு கொடுங்கள், இல்லை தங்க இடம் கொடுங்கள். இரவில் கட்டணம் ஏறிவிடும்.

கீழே கருத்துகளில் கேள்வி கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சேர்க்கிறேன்.

டிரைவருக்குக் கம்பெனிதான் சம்பளம் தருகிறது, நான் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: பல கம்பெனிகள் நேரடியாகத் தருவதில்லை, நடுவில் ஓர் ஏஜென்சி இருக்கும். எங்களுடைய முந்தைய ஏஜென்சி கம்பெனி உயர்த்திக் கொடுத்த தொகையில் ஒரு பகுதியை நான்கு மாதம் டிரைவர்களுக்குத் தரவே இல்லை. கையில் எவ்வளவு வருகிறது என்று டிரைவரிடமே பக்குவமாகக் கேளுங்கள். பிறகு உங்கள் எச்ஆரிடம் பேசுங்கள். நாம் கேட்டால் காதில் விழும், அவர் கேட்டால் வேலை போகும்.

வாடகை வீடு பார்க்கிறவருக்கு: எந்த பேண்ட் மின்சாரம் என்று முதலில் கேளுங்கள். பேண்ட் ஏ என்றால் தினம் 20 மணி நேரம் கரண்ட் வர வேண்டும், 2024 ஏப்ரலில் அதற்கு யூனிட் 68 நைராவிலிருந்து 225 ஆனது. பெரிய குடியிருப்புகளின் ஜெனரேட்டர் டீசலில் ஓடுகிறது. மானியம் போனது பெட்ரோலுக்கு, டீசலுக்கு அல்ல. டீசல் ஏற்கெனவே சந்தை விலையில்தான் இருந்தது. ஆகவே மானியத்தைக் காரணம் காட்டி உங்கள் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றினால் கணக்குக் கேளுங்கள்.

எல்லோரும் காசு கேட்கிறார்கள், எரிச்சலாக இருக்கிறது என்று எழுதியவருக்கு: வெள்ளிக்கிழமை ஆனால் கேட்டில் நிற்கிறவர் "ஹேப்பி வீக்கெண்ட்" என்பார். 2019இல் நான் வந்தபோதும் சொன்னார்கள், அப்போது அது பாதி வழக்கமாக இருந்தது. இப்போது பலருக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு அதில் இருக்கிறது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது, எனக்குத் தெரியும். நாங்கள் மாதம் ஒரு தொகை ஒதுக்கி, தினம் முகம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிறோம். கொடுக்க முடியாத அன்றும் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். லாகோஸ் பக்கத்து மக்களான யொருபாக்காரர்களுக்கு வணக்கம் சொல்லாமல் போவதுதான் பெரிய அவமரியாதை. காலையில் "எ காரோ" என்றால் போதும். சந்தையில் பேரம் பேசுவது சகஜம்தான், விற்கிற அம்மா உங்களைக் "கஸ்டமர்" என்பார், நீங்களும் அவரைக் "கஸ்டமர்" என்று கூப்பிடலாம். ஆனால் ஒரு குவியல் தக்காளிக்கு 100 நைராவைப் பிடித்து இழுக்காதீர்கள்.

விலை ஏறப்போகிறது என்று வதந்தி வந்தாலே பங்கில் வரிசை நிற்கும். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் அரை டாங்கிக்குக் கீழே விடாதீர்கள். ஜெர்ரிகேனில் வீட்டில் சேர்த்து வைக்கவே வேண்டாம்.

ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம் என்று கேட்டவருக்கு: மசாலா எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. சார்ஜ் போடுகிற எமர்ஜென்சி விளக்கு நல்லதாக இரண்டு கொண்டுவாருங்கள். எங்கள் சமையல்காரம்மா வீட்டில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. 2023க்கு முன்னால் தினம் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடும், மகள் படிப்பாள். இப்போது அது மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. காலையில் அவர் வந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு விளக்கை எடுத்து எங்கள் சமையலறைப் பிளக்கில் சொருகுவார். மாலையில் சார்ஜ் ஏறியதும் எடுத்துக்கொண்டு போவார். முன்பு நாங்கள் இருந்த குடியிருப்பில் வேலைக்காரர்கள் சார்ஜ் போடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உங்கள் குடியிருப்பில் அப்படி இருந்தால் உங்கள் வீட்டுக்குள் போடச் சொல்லுங்கள். மகளுக்கு அடுத்த மே மாதம் வேக் பரீட்சை, நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. இரண்டாவது விளக்கு அவளுக்கு.