யூனிட் கண்ட்ரோல் சாக்கெட் பதில் தராதபோது உங்களுக்கு என்ன நடந்தது?

என்ஜின்எக்ஸ் யூனிட் என்ற வெப் அப்ளிகேஷன் சர்வர் வைத்திருப்பவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கான்ஃபிக்கை (அமைப்பு விவரத்தை) பார்ப்பதும் மாற்றுவதும் கண்ட்ரோல் சாக்கெட் என்ற ஃபைல் வழியாகத்தான். சர்வர் ஓடுகிறது, தளமும் திறக்கிறது. ஆனால் கான்ஃபிக் பார்க்கலாம் என்று அந்த சாக்கெட்டுக்கு கர்ல் கமாண்ட் கொடுத்தால், இணைக்க முடியவில்லை என்று எர்ரர் 7 மட்டும் வருகிறது. அந்த 7-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கர்லோடு மைனஸ் வி (-v) சேர்த்து ஓட்டினால்தான் உண்மையான காரணம் தெரியும்.

எனக்கு வந்தது 'பர்மிஷன் டினைடு', அதாவது அனுமதி இல்லை. யூனிட்டின் கண்ட்ரோல் சாக்கெட் ரூட் என்ற தலைமை யூசருக்குச் சொந்தம், பர்மிஷன் 600, அதாவது சொந்தக்காரர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். சுடோ போட்டு, ரூட் அதிகாரத்தோடு கேட்டதும் கான்ஃபிக் ஜேசன் வடிவில் முழுதாக வந்து விழுந்தது. கூட வேலை பார்ப்பவர், 'எல்லோரும் படிக்கவும் எழுதவும் 666 போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். யூனிட் ரூட்டாக ஓடும் சர்வரில், அந்த சாக்கெட்டில் எழுத முடிகிற யாரும் தனக்கு வேண்டிய ப்ரோகிராமை வேண்டிய யூசர் பெயரில் ஓடவைக்கலாம். அது சர்வரின் சாவியையே கொடுப்பது மாதிரி.

இன்னொன்று. சாக்கெட் ஃபைலின் பர்மிஷன் சரியாக இருந்தும் இதே எர்ரர் வரலாம். பாதையில் உள்ள டைரக்டரி ஒவ்வொன்றிலும் நுழைய அனுமதி வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் கதவு திறக்காது. அதனால் பாதையின் தொடக்கமான / டைரக்டரியிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

—

எனக்கு வந்தது வேறு: 'அப்படி ஒரு ஃபைலே இல்லை'. டெபியன் லினக்ஸில் பழகிய சாக்கெட் பாதையை ரெட்ஹேட் லினக்ஸ் சர்வரிலும் அப்படியே கொடுத்திருந்தார்கள். டெபியன் பேக்கேஜ் சாக்கெட்டை நேராக ரன் (/var/run) டைரக்டரியில் வைக்கும். ரெட்ஹேட் பேக்கேஜ் அதற்குள் யூனிட் என்று தனி டைரக்டரியில் வைக்கும். ஊகிக்க வேண்டாம், unitd --help கொடுத்தால் இயல்பான பாதையை அதுவே காட்டும். வேறு பாதை கொடுத்து ஓட்டியிருந்தால், ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் (ps) பட்டியலில் யூனிட்டின் மெயின் ப்ராசஸ் வரியிலேயே அது இருக்கும்.

—

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' (இணைப்பு மறுப்பு), லினக்ஸில் எர்ரர் எண் 111, இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, பர்மிஷனும் சரி. ஆனால் அந்தப் பக்கம் கேட்க ஆளில்லை. ப்ராசஸை கில் 9 கமாண்டால் வலுக்கட்டாயமாக நிறுத்தினாலும் சாக்கெட் ஃபைல் தானாக அழியாது. அதனால் ஃபைல் இருப்பதை மட்டும் நம்பாமல், எஸ்எஸ் (ss) கமாண்டில் ஏதாவது ப்ராசஸ் உண்மையில் அதில் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் சிக்கல் கன்டெய்னரில், அதாவது சர்வருக்குள் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழலில். ஹோஸ்டில் (வெளியே உள்ள சர்வரில்) ஓடும் யூனிட்டின் சாக்கெட் ஃபைலை மட்டும் கன்டெய்னருக்குள் தெரியும்படி மவுண்ட் செய்திருந்தோம். யூனிட் ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் கன்டெய்னரிலிருந்து போகும் இணைப்பு அறுந்துபோகும், ஹோஸ்டில் மட்டும் எல்லாம் நன்றாக இருக்கும். எல்எஸ் மைனஸ் ஐ (ls -i) கொடுத்து இரண்டு பக்கமும் ஐநோடு எண்ணை, அதாவது ஃபைலின் உள் அடையாள எண்ணைப் பார்த்தேன். வேறு வேறு! ரீஸ்டார்ட் ஆனதும் அதே பெயரில் புது சாக்கெட் உருவாகிறது, கன்டெய்னரோ பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் சாக்கெட்டைத் தனி டைரக்டரிக்கு மாற்றி அந்த டைரக்டரியை மவுண்ட் செய்தோம். அதற்குப் பிறகு எத்தனை ரீஸ்டார்ட் ஆனாலும் இணைப்பு அறுவதில்லை.