அம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை, வயதுதான் காரணமா?

வாசுகி:
அம்மாவுக்கு 67 வயது. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் இரண்டு தோளும் இறுகிப் போய்விடுகின்றன. தலை வாரிக்கொள்ள முடியவில்லை, புரண்டு படுக்கவே முனகுகிறார். இடுப்பிலும் தொடையிலும் அதே வலி. மதியத்துக்குள் இளகிவிடும், அப்புறம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். வயசானால் அப்படித்தான் என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனையாம் ஈஎஸ்ஆர், அது 78 வந்திருக்கிறது. கொலஸ்ட்ராலுக்குப் பல வருடமாக ஸ்டாட்டின் சாப்பிடுகிறார். அதனால் இருக்குமோ?

செந்தில்:
எங்கள் பெரியப்பாவுக்கு ஸ்டாட்டினால்தான் கெண்டைக்காலெல்லாம் வலித்தது. மாத்திரையை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதை நிறுத்திப் பாருங்களேன்.

தமயந்தி:
வாசுகி, நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டாட்டின் வலியில் ஈஎஸ்ஆர் இவ்வளவு ஏறுவது வழக்கமில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வலிப்பதால் கை தூக்க முடியவில்லையா, வலியே இல்லாதபோதும் தூக்கத் தெம்பில்லையா? எனக்கு இருப்பது டெர்மடோமயோசைட்டிஸ். இதில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தசையைத் தாக்கி நலியவைக்கும். எனக்கு வலி பெரிதாக இல்லை. ஆனால் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றித்தான் எழ முடியும். மேல் அலமாரிக்கு நீட்டிய கை பாதியிலேயே தானாக இறங்கிவிடும். கண் இமை ஊதா கலந்து சிவந்தது, விரல் முட்டிகளின் மேல் செதில் செதிலாகத் தடிப்பு. அதைத் தோல் அலர்ஜி என்று களிம்பு கொடுத்து அனுப்பியதை நினைத்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. தசை கெட்டால் ஏறும் கிரியாட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனை பல மடங்கு ஏறியிருந்தது, அதில்தான் பிடிபட்டது.

அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை. 50 வயதுக்கு மேல், இரண்டு பக்கமும் தோள், இடுப்பு, காலை இறுக்கம், ஏறிய ஈஎஸ்ஆர்: பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோயா என்று ருமட்டாலஜிஸ்டிடம், அதாவது மூட்டுவாத மருத்துவரிடம் கேளுங்கள். அதில் தசை கெடுவதில்லை. மூட்டைச் சுற்றி உராய்வைத் தடுக்கும் பர்சா என்ற சிறு நீர்ப்பைகளிலும் தசைநாண் உறைகளிலும் வீக்கம் வரும், அதனால் கிரியாட்டின் கைனேஸ் இயல்பாகவே இருக்கும். தைராய்டு, வைட்டமின் டி, முடக்குவாதம் எல்லாம் இல்லையென்று பார்த்துவிட்டு, வழக்கமாக 12.5 முதல் 25 மில்லிகிராம் வரை பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் தொடங்குவார்கள். பலருக்குச் சில நாளிலேயே கை மேலே போகும்.

இன்றே அம்மாவிடம் கேளுங்கள்: புதிதாகத் தலைவலி உண்டா, மெல்லும்போது தாடை வலிக்கிறதா, பார்வை மங்குகிறதா, உச்சந்தலையைத் தொட்டால் வலிக்கிறதா?

இயன்முறை மருத்துவர்:
தமயந்தி சொன்னதோடு ஒன்று. ஸ்டீராய்டு தொடங்கினால் நன்றாகிவிட்டதென்று சட்டென நிறுத்தக் கூடாது. 10 மில்லிகிராமுக்கு வந்தபின் மாதம் ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் குறைப்பார்கள், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். தோளை இழுத்துப் பிடித்து யாரும் பயிற்சி தர வேண்டாம். வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு, இறுக்கம் தளர்ந்த நேரத்தில் மெதுவாக அசைத்தால் போதும்.

வாசுகி:
கேட்டேன். சீப்பு பட்டாலே ஒரு பக்கத் தலை எரிகிறதாம். சாப்பிடும்போது தாடை சோர்ந்து நிறுத்தி நிறுத்தி மெல்கிறாராம். கை வலிதான் பெரிசு என்று இதையெல்லாம் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது.

தமயந்தி:
வெள்ளி வரை வேண்டாம் வாசுகி, இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நெற்றிப்பொட்டின் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்பார்கள். பாலிமயால்ஜியாவோடு சேர்ந்து வரும். கண்ணுக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் போன பார்வை திரும்புவது அரிது. அதனால்தான் ரத்தக்குழாயில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்குக் காத்திருக்காமல் கூடுதல் அளவில் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள். அங்கே போனதும் முதலில் தாடை வலியையும் தலை எரிச்சலையும் சொல்லுங்கள், தோளை அப்புறம் சொல்லலாம். ஈஎஸ்ஆர் ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.