லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உப்பைக் குறைக்காதீர்கள்

அண்ணனுக்கு பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய். லித்தியம் ஆரம்பித்த பிறகு ராத்திரித் தூக்கம் வந்தது, பேச்சு நிதானமானது. ஆனால் சாப்பாட்டில் சிக்கல். வாயில் காசை அடக்கிக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பார். வீட்டில் பலரும் அடம் என்றே நினைத்தார்கள். அடம் இல்லை. லித்தியம் எச்சிலிலும் சுரக்கும், ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே கூடுதலாகவே இருக்கும்.

அப்புறம் குழம்பு, ரசம் எல்லாமே கரிக்கிறது என்றார். சித்தி பாசத்தில் உப்பில்லாத கஞ்சி, மோர்சாதம் என்று மாற்றிவிட்டார். ஊறுகாயும் நின்றது. கொஞ்ச நாளில் காபி டம்ளர் டவராவில் மோதி கடகடவென்று சத்தம் போட்டது, கை அப்படி நடுங்கியது. வாந்தியும் சேர்ந்துகொண்டது.

உடனே கூட்டிப்போனோம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய லித்தியம் அளவு எகிறியிருந்தது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். டாக்டர் டோஸை மாற்றினார். உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், தினமும் ஒரே அளவு போதும் என்றார். வியர்த்துக் கொட்டும் வெயில் நாளிலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் கவனம் வேண்டும். வலிக்கு ஐபுப்ரோஃபென் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது, அதுவும் அளவை ஏற்றும்.

ருசி மாறியது என்று அவர்கள் சொன்னால் தயவுசெய்து டாக்டர் காதில் போடுங்கள்.

*

அக்கா, நல்லவேளை சீக்கிரம் பார்த்தீர்கள். அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறாரா?

எனக்குப் பதற்றத்துக்கு பராக்ஸெட்டின். ஆரம்பித்த புதிதில் வழக்கமான காபியே கசந்தது, பாகற்காய்ப் பக்கமே போக முடியவில்லை. மனப்பிரமை என்றார்கள், அதுதான் ரொம்ப வலித்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகே நிம்மதி. நோயில்லாதவர்களுக்கு இதே மருந்தை 20 மி.கி. ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இனிப்பை முன்பைவிட 27 சதவீதமும் கசப்பை 53 சதவீதமும் குறைந்த அளவிலேயே நாக்கு கண்டுகொண்டது. உப்பில் மாற்றமில்லை. இந்த மருந்து கூட்டுவது செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தை, அதற்கு நாக்கிலும் வேலை இருக்கிறது.

என் டாக்டரிடம் சொன்னேன், சீட்டில் குறித்துக்கொண்டார். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. காபியில் பால் கூட்டிக் குடிக்கிறேன், இப்போதைக்குச் சரியாகப் போகிறது.