1984 யெஸ்டி ரோட்கிங், பாதி வண்டி சாக்கில்: 22,000 ரூபாய்க்கு வாங்கலாமா?

நொய்யல்கரை:
வணக்கம் நண்பர்களே. திருப்பூர் பக்கம் ஒரு யெஸ்டி ரோட்கிங் பைக் விலைக்கு வந்திருக்கிறது. 1984 மாடல், 22,000 சொல்கிறார்கள். சேசிஸ், ஃபோர்க், இரண்டு வீல், டேங்க் இருக்கின்றன. டேங்க் அடியில் துரு. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) சேசிஸிலேயே நிற்கிறது, பேரலும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) அதன் மேல்மூடியான ஹெட்டும் கழற்றிச் சாக்கில் போட்டிருக்கிறார்கள். கார்புரேட்டர், இரண்டு சைலன்சர், சீட், ஸ்பீடோமீட்டர், இடது பக்க கிளட்ச் கவர் இல்லை.

ஆர்.சி. பழைய கையெழுத்துப் புத்தகம். உரிமையாளர் இறந்துவிட்டார், விற்பவர் மகன். பதிவு 1999-ல் முடிந்தது, அதன் பிறகு புதுப்பிக்கவே இல்லை. வாங்கும் விலையையும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் ஓட வைக்க வேண்டும். கண்காட்சிக்கு நிறுத்தும் அளவுக்குப் பளபளப்பு வேண்டாம், வாரம் ஒருமுறை ஓட்டினால் போதும். டோக்கன் (முன்பணம்) கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஆர்சி_புக்:
முதலில் பேப்பர். இன்ஜின் அப்புறம்.

சேசிஸ் நம்பரை இரும்பில் அடித்த இடத்திலேயே பாருங்கள், தகட்டை நம்ப வேண்டாம். பெயின்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே எழும். எழுத்துகளின் உயரம் ஏறி இறங்கி இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் தேய்த்த பள்ளம் தெரிந்தாலோ, ஓர் எண் மட்டும் வேறு வடிவத்தில் இருந்தாலோ அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இன்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தது, பழைய புத்தகம் என்பதால் வண்டி 'வாகன்' என்ற அரசு வண்டிப் பதிவு இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்று எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து எண்களில் பல ஏறாமலே கிடக்கின்றன. ஏறவில்லை என்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்ல வேண்டும். அங்கே பதிவேடு கிடைக்கவில்லை, அல்லது பதிவு ரத்தாகிவிட்டது என்றால், உங்கள் கையில் இருப்பது உதிரிப் பாகம்தான், வண்டி அல்ல.

உரிமையாளர் இறந்திருப்பதால் வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றும் வேண்டும். மகன் ஒருவர் கையெழுத்து போதாது. வாரிசுச் சான்றில் உள்ள மற்றவர்களின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதமும் வாங்குங்கள். வண்டி மகன் பெயருக்கு மாறிய பிறகுதான் விற்பனைக்கான படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு வரும்.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25 கொடுத்து வண்டியை ஆய்வாளர் முன் ஓடும் நிலையில் நிறுத்த வேண்டும். சாக்கில் இருக்கும் வண்டியை நிறுத்த முடியாது. ஆக நீங்கள் பணம் போட்டு வண்டியைக் கட்டி முடிக்கும்வரை பேப்பரில் அது அவர்கள் வண்டிதான். அதற்குள் அந்தக் குடும்பம் ஊர் மாறினாலும், மனம் மாறினாலும் சிக்கல் உங்களுக்கு. அதனால் கையெழுத்துகள், அடையாள அட்டை நகல், புகைப்படம் எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடிந்ததும் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் வீதம் கூடுதல் கட்டணம் விதியில் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள் என்பதை ஆர்.டி.ஓ.விலேயே கேட்டு, அந்தத் தொகையை உங்கள் ஒரு லட்சத்துக்குள் முதல் வரியாக எழுதுங்கள்.

டூஸ்ட்ரோக்_வாசம்:
விண்டேஜ் பதிவு என்று ஒன்று வந்திருக்கிறதே, 2021 விதி? அதில் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

ஆர்சி_புக்:
இந்த வண்டிக்கு ஆகாது. 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய், அதோடு அந்த வண்டியைத் தினசரி சாலையில் ஓட்ட அனுமதியும் இல்லை. 1984 மாடல் சாதாரணப் புதுப்பித்தலில்தான் போக வேண்டும்.

லேத்கடை:
பேப்பர் சரி என்றால் இன்ஜினுக்கு வருவோம். இல்லாத சாமான் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. சைலன்சர், சீட், கேபிள், ரப்பர், கேஸ்கெட், பிஸ்டன், கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைப்பது) செட், கிளட்ச் பிளேட் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. இடது கவர்தான் சிக்கல். யெஸ்டியில் கியர் லீவரை மிதிக்கும்போதே கிளட்ச் விடுபடும், அந்த அமைப்பு இடது பக்கம்தான் இருக்கிறது. வெறும் மூடி என்று நினைத்து விலை பேசாதீர்கள். உள் சாமானோடு முழுசாக ஒரு கவர் சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளிலோ மைசூர், பெங்களூரிலோ கையில் கிடைத்த பிறகே வண்டிக்கு டோக்கன் கொடுங்கள். கம்பெனி 1996-லேயே மூடியாயிற்று, இப்படிப்பட்ட வார்ப்புச் சாமானுக்குப் பழையதுதான் கதி.

கிராங்க்: பேரல் கழன்று இருப்பது உங்களுக்கு வசதி. கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. ஆடினால் பிக் எண்ட், அதாவது ராடின் கிராங்க் பக்க பேரிங், போய்விட்டது. கிராங்கைப் பிரித்து ராட் செட் மாற்றி, பிரஸ்ஸில் ஏற்றி, டயல் கேஜ் வைத்து நேர் பார்க்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் சுத்தியலால் தட்டி நேராக்கும் கடைக்குப் போகாதீர்கள். மெயின் பேரிங் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும்.

இன்ஜின் திறந்தபடி எவ்வளவு காலம் கிடந்தது என்று கேளுங்கள். கிராங்க்கேஸ் வாயில் துணி அடைத்து வைத்திருந்தால் பரவாயில்லை. மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் பேரிங் செந்நிறமாக இருக்கும், கையால் சுற்றினால் மணல் நறநறப்பது போல விரலுக்குத் தெரியும்.

கிராங்க்கேஸின் இரண்டு பாதியும் ஒரே ஜோடியா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பேரிங் துளை கடைந்திருப்பார்கள். வேறு வேறு இன்ஜினின் பாதிகளைச் சேர்த்தால் நேர்கோடு தப்பி கிராங்க் இறுக்கும். சேரும் விளிம்பில் ஒரு பக்கம் மேடு தட்டினால் சந்தேகப்படுங்கள்.

பேரல்: ஸ்டாண்டர்ட் போர் (உள்துளை விட்டம்) 65 மி.மீ. பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் அடித்திருக்கும். 0.25 அல்லது 0.50 என்றால் இன்னும் போர் போட, அதாவது துளையை அகலமாகக் கடைய, இடம் இருக்கிறது. 1.00 என்றால் ஸ்லீவ் (பேரலுக்குள் புது உறை) செலவை எழுதிவிடுங்கள். போர் போட்டதும் போர்ட் (பேரல் சுவரில் உள்ள வாயுத் துவாரம்) விளிம்புகளை லேசாக அரம் பிடித்து மழுக்கச் சொல்ல வேண்டும். கூர்மையாக விட்டால் ரிங் அதில் மாட்டி உடைந்து, புது பேரலையே கோடு போட்டுவிடும். பாதிக் கடைகளில் இதை நாமாகக் கேட்டால்தான் செய்கிறார்கள்.

கடைசியாக, கியர். நான்கு கியரும் விழுகிறதா என்று பின்வீலைச் சுற்றிக்கொண்டே போட்டுப் பாருங்கள். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். இறுகிய இன்ஜினை அதன்மேல் ஏறி மிதித்தால் உள்ளே பல் உடையும்.

டூஸ்ட்ரோக்_வாசம்:
கிராங்கின் இரு முனையிலும் உள்ள ஆயில் சீல் இரண்டும் எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இடது சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் அளவு குறையும். வலது சீல் போனால் காற்றை இழுக்கும். ஐடிலிங் ஏறிக்கொண்டே போகும், சூடாகிப் பிஸ்டன் பேரலில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சீல் சில நூறு ரூபாய்தான், ஆனால் அதை மாற்ற இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டும். அதனால் இப்போதே முடித்துவிடுங்கள்.

டேங்கில் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்து ஓட்டை பாருங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். உள்பூச்சு போடுவதாக இருந்தால் எத்தனாலைத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்; இல்லையென்றால் பூச்சு உரிந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பெட்ரோல் டியூபும் அப்படித்தான். போர் போட்ட வண்டிக்கு ஆரம்பத்தில் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) ஊற்றுங்கள்.

நொய்யல்கரை:
நன்றி. போய்ப் பார்த்தேன். சேசிஸ், இன்ஜின் நம்பர் இரண்டும் புத்தகத்தோடு சரி, அடித்த எழுத்தும் சீராக இருக்கிறது. ராட் மேலும் கீழும் லேசாக ஆடுகிறது. பிஸ்டனில் 0.75. நான்கு கியரும் விழுகிறது. வாகன் தளத்தில் வண்டி இல்லை.

லேத்கடை:
ராட் செட், கிராங்க் வேலை, பேரிங், சீல், போர், பிஸ்டன் இத்தனையும் நிச்சயம் என்று ஆகிவிட்டது. இன்ஜின் முழு வேலை உள்ள வண்டியாக விலை பேசுங்கள், அதன்மேல் இடது கவர் விலையையும் கழியுங்கள். 22,000 அதிகம். 0.75-க்கு அடுத்து ஒரு போர்தான் மிச்சம், அதையும் சொல்லிப் பேசலாம்.

ஆர்சி_புக்:
விலை பேசுவதற்கு முன் ஒரு நாள் மகனையும் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ப் பதிவேட்டில் வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேத்கடை சொன்ன கணக்கில் பேசி எடுங்கள். இல்லை என்றால், வேறு ரோட்கிங் வைத்திருப்பவருக்குத்தான் இந்தச் சாமான் உதவும், உங்களுக்கு வேண்டாம்.