பொதிகை அடிவாரத்திலிருந்து இரவு வானத்தைப் படம்பிடிக்கக் கற்பது எப்படி?

கேள்வி – அம்பைவாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஏபிஎஸ்-சி வகைக் (ஒளியைப் பதியும் சென்சார் சற்றுச் சிறியதான) கேமராவும், அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸும், ஓரளவு கனமான முக்காலியும் உள்ளன. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் மாஞ்சோலைப் பக்கம் ஓர் இரவு தங்கிப் பால்வெளியைப் படமெடுக்க விரும்புகிறேன். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் இருள்வானப் பூங்காவாக, அதாவது செயற்கை வெளிச்சம் குறைந்து விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் இடமாக, அறிவிக்கப்பட்டதைப் படித்த பிறகு இந்த ஆசை வலுத்துவிட்டது. எந்த மாதத்தில், கேமராவை எந்த அளவுகளில் வைத்து எடுக்க வேண்டும்? பொதிகை உச்சிக்கு மேல் அகத்திய நட்சத்திரம் (கேனோபஸ்) நிற்பதாக ஒரு படம் எடுப்பது நடக்கக்கூடியதா?

மறுமொழி 1 – தாமிரபரணிக்கரை

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காப்பகத்துக்குள் இருட்டிய பிறகு நம் விருப்பப்படி முக்காலியை விரித்து நிற்க முடியாது. வனத்துறையின் அனுமதியோடு விடுதியில் தங்கினாலும், வளாகத்தை விட்டு வெளியே வருவது யானையும் கரடியும் சிறுத்தையும் நடமாடும் பாதையில் கால்வைப்பதாகும். சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூடுவதை எண்ணி, நிலவில்லாத அந்த இரவு தோதாக இருக்குமென்று சிலர் கருதுகிறார்கள். நிலவு இல்லைதான், ஆனால் அது சாரல் காலம், மலை முழுவதும் மேகம் கவிந்திருக்கும்.

உண்மையில் காட்டுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. நம் பக்கத்தில் விளக்கொளி மிகுந்திருப்பது கிழக்கே, சமவெளி ஊர்களின் மேல்தான். மணிமுத்தாற்றை ஒட்டிய அடிவாரத்தில் நின்றால் தெற்கும் தென்மேற்கும் மலையாகவே இருக்கும். தெரிந்தவர் தோட்டம் ஒன்று அங்கே வாய்த்தால் அதைவிட நல்ல இடம் வேண்டாம். மின்விளக்குகளை அணைத்துவிடச் சொல்லுங்கள். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாவது ஆகும், ஆகையால் கைவிளக்கில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 – மூலநட்சத்திரம்

பால்வெளியின் மையம் விருச்சிகத்தின் வாலான மூலத்தை அடுத்து இருக்கிறது. மார்ச் நடுவில் அது நள்ளிரவுக்குப் பின் ஒரு மணியளவில்தான் உதிக்கும். விடியுமுன் தென்கிழக்கிலேயே நிற்பதால் சமவெளி வெளிச்சம் குறுக்கிடும். எனவே மே மாத அமாவாசையை ஒட்டிய இரவுகளையே நான் தேர்ந்தெடுப்பேன். மே நடுவில் இரவு இரண்டரை மணிக்கு மையம் நேர் தெற்கே ஏறத்தாழ 52 பாகை உயரத்துக்கு வந்து, நாலரை மணிக்குள் மலைப்பக்கமாகச் சாயத் தொடங்கும். 18 மி.மீ.யில் கேமராவை நெட்டாக வைத்தால் மலையும் மையமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடும்.

லென்ஸின் திறப்பை எஃப் 3.5இலும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200இலும் வைத்துத் தொடங்குங்கள். விண்மீன்கள் கோடாக நீளாமல் எத்தனை நொடி ஒளியை வாங்கலாம் என்பதற்கு, 500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் (இங்கே 18 மி.மீ.) வகுக்கும் பழைய விதி ஒன்று உண்டு; சிறிய சென்சாருக்காக அந்தத் தொலைவை 1.5ஆல் பெருக்கிக் கணக்கிட்டால், அது 18 நொடி என்று சொல்லும். இன்றைய சென்சார்களுக்கு அது தாராளம், விண்மீன்கள் சற்றே நீண்டுவிடும். 12 நொடி போதும். ஒரே படத்தை நம்பாமல், அதே அளவுகளில் இருபது படங்களை அடுத்தடுத்து ரா வடிவில் (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பாக) எடுத்து, சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளியிரைச்சல் (இருண்ட படத்தில் தோன்றும் பொடிப்புள்ளிகள்) பெரிதும் அடங்கும்.

எல்லாவற்றையும்விட ஃபோகஸ் முக்கியம். லென்ஸில் முடிவிலிக் குறி இருந்தாலும் அதை நம்பாதீர்கள். தானியங்கியை நிறுத்திவிட்டு, ஒளிமிக்க ஒரு விண்மீனைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தை மெல்லத் திருப்பி, பிறகு வளையத்தின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிட வேண்டும்.

அம்பைவாசி

மிக்க நன்றி, அண்ணாச்சி. அகத்தியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

மறுமொழி 3 – கடையம் வடக்கு

அதற்கு நான் விடை சொல்கிறேன். நடக்கக்கூடியதுதான், ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ நடக்காது. அகத்திய நட்சத்திரம் நம் வானில் தெற்கே 29 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மறையும்போது தெற்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 35 பாகை தள்ளி இறங்குகிறது. உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் பொதிகை உச்சி அதைவிட நன்றாக மேற்கே தள்ளி இருக்கும். நட்சத்திரமும் உச்சியும் ஒரே திசையில் சேர வேண்டுமானால் உச்சிக்கு வடகிழக்கே, அதிலும் வடக்கு மிகுந்த பக்கமாக, கடையம், சிவசைலம் வட்டாரத்துக்கு வர வேண்டும். முன்னே நிற்கும் மலைகள் உச்சியை மறைக்காத இடத்தைப் பகலிலேயே வந்து பார்த்துவையுங்கள். வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் அந்த இடத்தைக் கொடுத்தால் நேரம் துல்லியமாகக் கிடைக்கும்.

மார்ச் நடுவில் அது மலைக்குச் சற்று மேலே நிற்பது நள்ளிரவை ஒட்டி; ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தும். அவ்வளவு தாழ்வில் காற்றின் தூசியால் ஒளி மங்கிச் செம்மையேறும் என்பதால், 55 மி.மீ.க்குப் போய் நொடிகளை ஐந்துக்குள் குறைத்து, ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் வருவதானால் இன்னும் பிந்தி, இரவு இரண்டு மணிவாக்கில் காத்திருக்க வேண்டும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், லென்ஸையா விடும்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைப் பாருங்கள், மூச்சை அதன்மேல் விடாதீர்கள், யுஎஸ்பியில் இயங்கும் வெப்பப் பட்டை ஒன்று இருந்தால் லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.