குந்தா படுகை: அதே சோலைக்காட்டில் 2019-ல் 0.4 டன், 2023-ல் 43 டன் மண்ணரிப்பு. எங்கே தப்பு?

கேள்வி

நீலகிரி குந்தா படுகையில் ஆண்டுக்கு எவ்வளவு மண் அரித்துப் போகிறது என்று ஆர்யுஎஸ்எல்இ முறையில் (ஆர், கே, எல்எஸ், சி, பி என்ற ஐந்து காரணிகளைப் பெருக்கும் சமன்பாடு) க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் கணக்கிடுகிறேன். சரிவின் நீளம், செங்குத்துக்கான எல்எஸ்ஸை 30 மீட்டர் பிக்சல் உள்ள எஸ்ஆர்டிஎம் உயரப் படத்திலிருந்து எடுத்தேன். மழையின் அரிக்கும் வலுவுக்கான ஆர் = 79 + 0.363 × ஆண்டு மழை; இரண்டு ஆண்டுக்கும் ஒரே 2,000 மி.மீ. கொடுத்தேன். மண் எவ்வளவு எளிதில் அரிபடும் என்பதற்கான கே 0.03, வயல் படி போன்ற மண் காப்பு முறைகளுக்கான பி 1. செடிகொடி மூடலுக்கான சி காரணி சென்டினல்-2 செயற்கைக்கோளின் எல்2ஏ படத்திலிருந்து: எக்ஸ்ப்(−2 × என்டிவிஐ ÷ (1 − என்டிவிஐ)); என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு = (அகச்சிவப்பு − சிவப்பு) ÷ (அகச்சிவப்பு + சிவப்பு). அவலாஞ்சி பக்கம் 20 பாகைச் சரிவில் ஒரு சோலைப் பிக்சலில் 2019 பிப்ரவரிப் படத்துக்கு எக்டேருக்கு 0.4 டன், 2023 பிப்ரவரிக்கு 43 டன். அங்கே மரம் எதுவும் போகவில்லை.

பதில் 1

காடு மாறவில்லை நண்பரே, பட எண்தான் மாறியிருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் வரும் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் என்டிவிஐ போட்டால் இப்படித்தான் ஆகும்.

உதாரணத்துக்கு, சிவப்புப் பட்டை 400, அகச்சிவப்பு 3000 என்றால் என்டிவிஐ 0.765, சி 0.0015. அதே இலை 2023 கோப்பில் 1400, 4000 என்று இருக்கும், என்டிவிஐ 0.48-க்கு இறங்கிவிடும், சி 0.158 ஆகிவிடும். சூத்திரம் அடுக்குக்குறியில் ஓடுவதால் சிறு பிழைகூட நூறு மடங்காகிறது. உங்கள் 0.4-க்கும் 43-க்கும் உள்ள விகிதம் அதுவேதான்.

தேதியை மட்டும் நம்பாதீர்கள். பழைய படங்களையும் மறுசெயலாக்கி இதே கூட்டலோடு வெளியிட்டிருக்கிறார்கள். படத்தோடு வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் 'ஆட் ஆஃப்செட்' வரியைப் பாருங்கள். −1000 இருந்தால் (மதிப்பு − 1000) ÷ 10000. கூகுள் எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பதில் 2

அது சரியானாலும் உங்கள் 0.4 டன்னும் சரியில்லை. 1981-ல் சிங் குழு தந்த அந்த ஆர் சமன்பாடு பழைய மெட்ரிக் அலகில் விடை தருகிறது, கே 0.03 எஸ்ஐ அலகில் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் விடை சுமார் பத்தில் ஒரு பங்குதான் வரும். ஆரை 9.81-ஆல் பெருக்கி எஸ்ஐக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கேயைத் தொட வேண்டாம். கட்டுரைகளில்கூட இந்தக் கலப்பு நிறைய இருக்கிறது. மற்றவர் வரைபடத்தோடு ஒப்பிடும் முன் அவர்கள் அலகைப் பாருங்கள்.

கேட்டவர்

1000 கழித்ததும் இரண்டு ஆண்டும் ஒத்துப்போகின்றன, நன்றி. அலகையும் மாற்றிவிட்டேன். ஆனால் ஓடைகள் ஆயிரக்கணக்கான டன்னோடு சிவப்புக் கோடாகத் தெரிகின்றன. எமரால்டு நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் வேறு.

பதில் 2

ஓடைக்குக் காரணம் எல்எஸ். ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலிருந்து எத்தனை பிக்சல்களின் நீர் வந்து சேர்கிறது என்ற எண்ணிக்கையை அப்படியே போட்டிருப்பீர்கள். 50,000 பிக்சல் × 30 மீ., 10 பாகைச் சரிவு என்றால் எல்எஸ் 200-ஐத் தாண்டும். இந்தச் சமன்பாடு சரிவில் பரவலாக ஓடும் நீருக்கானது. சரிவு நீளம் பெரும்பாலும் 120 மீட்டருக்குள். எனவே எண்ணிக்கையை 4 பிக்சலோடு நிறுத்துங்கள். அதே இடத்தில் எல்எஸ் 4.6-க்கு வந்துவிடும். ஓடைப் பிக்சல்களைத் தனியாக விலக்கிவிடுங்கள்.

வளையம் சி செய்வது. தண்ணீரில் என்டிவிஐ −0.2 என்றால் சி 1.4, சி 1-ஐத் தாண்டவே கூடாது. நடுவில் சரிவு பூஜ்யம் என்பதால் தெரியவில்லை, கரையில் தெரிகிறது. நீர்ப்பரப்பை முகமூடியிட்டு வெட்டுங்கள், சியை 0–1-க்குள் கட்டுங்கள்.

இரண்டு சோதனையும் செய்யுங்கள். உயரப் படத்தின் ஆயங்கள் பாகையில் (அட்ச, தீர்க்க ரேகையில்) இருந்தால் சரிவு எங்கும் 89-ஐ ஒட்டி வரும். முதலில் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 43 வடக்கு ஆய முறைக்கு மாற்ற வேண்டும். ராஸ்டர் கால்குலேட்டரில் சைனுக்கு ரேடியன் வேண்டும். பாகையைக் கொடுத்தால் எல்எஸ்ஸில் ஓட்டைகள் (மதிப்பில்லாத பிக்சல்கள்) விழும்.

பதில் 1

பிப்ரவரிப் படம் மேகமில்லாமல் அழகாக இருக்கும், ஆனால் மண் போவது மழைக்காலத்தில். உருளைக்கிழங்கு, கேரட் பாத்திகள் அப்போது வெறுமையாக இருந்தால் உங்கள் சி அதைக் காணாது. ஜூன் முதல் நவம்பர் வரை கிடைக்கும் மேகமற்ற பிக்சல்களின் இடைநிலை மதிப்பை எடுங்கள். 30 மீட்டர் உயரப் படத்தில் வயல் படிகளும் தெரியாது. அவற்றைப் பியில் கள ஆய்வு செய்துதான் சேர்க்க முடியும்.

2019 மழையை உண்மை அளவில் போட நினைத்தாலும் கவனம். அந்த ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஆண்டு மொத்தத்தை மட்டும் கேட்கும் சமன்பாட்டுக்கு அதுவும் நூறு நாள் தூறலும் ஒன்றுதான். அப்போது சரிந்த மண்ணும் இந்தக் கணக்கில் வராது. நிலச்சரிவுக்கு வேறு முறை வேண்டும்.